ஒடுக்கமான ஆக்ஸிலும் இரண்டு கல்லும்

காடு மேடு ஏறும் வண்டியாக என் பழைய ஜீப்பை மாற்றும் திருப்பணிக்கு, சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸில் தேடி, இன்று கொடைக்கானலிலிருந்து ஒட்டன்சத்திரம் இறங்கினேன்.

பழைய சாமான் கடையில் இரண்டு ஜோடி கிடந்தன. அகலமானதைப் போட்டால் வண்டி லேசில் கவிழாது என்று இந்த ஜீப் குழுவில் நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். ஆனால் ஒடுக்கமானது புதிதுபோல் மின்னியது. "இதை எடுத்து வைங்க" என்றேன்.

அப்போது மேல்மலைக் கிராமம் ஒன்றில் பூண்டு மூட்டை ஏற்றும் ஜீப் டிரைவர் ஒருவர் வந்தார். அவர் வண்டியில் ஆக்ஸில் ஒடிந்துவிட்டதாம். பையிலிருந்து முடிச்சுப் போட்ட கயிற்றை எடுத்து, நான் கேட்ட ஜோடியை அளந்தார்.

"சரியா இருக்கு. இதைத் தாங்க."

"அதை இவரு கேட்டுட்டாருங்க. அகலமானது சும்மாதானே கெடக்கு, எடுத்துக்கங்க" என்றார் கடைக்காரர்.

"ஆகாதுங்க. எங்க ஊரு ஓடையில பாலம் கெடையாது. ரெண்டு நீளக் கல்லுதான். என் வண்டிச் சக்கரம் ரெண்டுக்கும் உள்ள இடைவெளிய அளவெடுத்துப் போட்டது. அகலமா மாட்டுனா தண்ணிக்குள்ளதான் போகணும். பிரசவம்னாலும் இந்த ஒரு வண்டிதாங்க."

என் ஜீப் இதுவரை தாண்டிய பெரிய ஓடை, எங்கள் தெருச் சாக்கடை.

"நீங்களே எடுத்துக்கங்கண்ணே" என்று சொல்லி, அகலமானதை நான் வாங்கிக்கொண்டேன்.

தன் ஆக்ஸிலை ஏற்றிவிட்டு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒருநா நம்ம ஊருக்கு வாங்க தம்பி. வண்டிய மட்டும் இக்கரையிலேயே விட்டுட்டு நடந்து வந்துருங்க."

அகலம்தான் நல்லது என்ற நண்பர்களே, இந்த வண்டியில் நான் போகக்கூடிய ஊர் ஒன்றைச் சொல்லுங்கள்.