அக்காவின் மௌன வகுப்பு

அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில், ஒரு வகுப்பு முழுக்க வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த மதியத்தை என்னால் மறக்க முடியவில்லை. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நர்சிங் மாணவர்கள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்; மற்றவர் பதில் சொல்லும்வரை கேட்டவர் மூச்சு விடக் கூடாது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருத்தி என் மகள். வீட்டில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் "ஓகே அம்மா" என்று மாடிப்படி ஏறிவிடுகிறவள். எனக்கு வயிறு எரிந்தது.

வகுப்பை நடத்தியவர் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், என்னைப் போலவே அங்கே ஆசிரியர், என்னைவிட மூத்தவர். துறையில் தமிழர் நாங்கள் இருவர்தான் என்பதால் முதல் நாளே அக்கா ஆகிவிட்டார். என் மகளுக்கு ஆன்ட்டி. கோடையில் எங்கள் மாணவர்கள் நாட்டின் தென்மேற்கே, கடைக்குப் போகவே மணிக்கணக்கில் கார் ஓட்ட வேண்டிய பழங்குடி மக்களின் ஊர் ஒன்றுக்கு, அங்குள்ள கிளினிக்கில் பயிற்சி பெறப் போவார்கள். அந்த மக்களோடு எப்படிப் பழகுவது என்று தயார்ப்படுத்தும் வகுப்பு அது. சொல்லப்போனால் அது என் வகுப்பு. நான் தொடங்கியது.

நோயாளியைப் பார்த்ததும் ஊசியை எடுக்காதே, ஊர், உறவு, பிள்ளைகுட்டி எல்லாம் விசாரி என்பதுதான் என் பாடம். நம் ஊர் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் இறங்குவதற்குள் அவர் ஜாதகத்தையே வாங்கிவிடுவோமே, அந்த அன்பை அமெரிக்கப் பிள்ளைகளுக்கும் ஊட்டிவிடலாம் என்று நினைத்தேன். அந்த ஊர்க்காரரான, கிளினிக்கின் மூத்த நர்ஸ் ஒருநாள் வீடியோவில் வகுப்புக்கு வந்தார். வெளியிலிருந்து வருகிறவர்கள் முதலில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டேன். அவர் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று கேள்வியை மாற்றிக் கேட்டேன். பிறகு உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை என்றேன். அதற்கும் பதில் வராததால் அங்கே வெயில் அதிகமா என்று வேறு கேட்டுவைத்தேன். அவர் மெல்லச் சிரித்து, "உங்கள் முதல் கேள்வியைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றார். வகுப்பே சிரித்தது. என் மகளும்தான். பின்வரிசையில் பார்வையாளராக வந்து உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அடுத்த பருவத்தில் அதே மாணவர்களோடு வகுப்பு அக்காவிடம் போனது. "கேள்வியை வச்சிட்டுப் பொறுங்கோ. பதில் தன்ர பாட்டில வரும்" என்பார், காபி குடிக்கும்போது என்னிடமும். மாணவர்கள் அவரைக் கொண்டாடினார்கள். கிளினிக்கிலிருந்து அவரைப் பாராட்டிச் செய்தி வந்தது. அதையெல்லாம் நான் விழுங்கிக்கொண்டேன். ஆனால் ஒரு சனிக்கிழமை பக்கத்து ஊரான எடிசனில் காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா சாதாரணமாகக் கேட்டார்: "பிள்ளை படிப்பு முடிய அந்தக் கிளினிக்கிலயே வேலைக்குச் சேரப்போறா. உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்னாளே" என்றேன். கையிலிருந்த காயை முறித்துவிட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து மகளைப் பிடித்துக்கொண்டேன். "சொல்லலாம்னுதான் இருந்தேன் அம்மா. சொன்னா நீ கேள்வி மேல கேள்வி கேட்டு இன்டர்வியூ பண்ணுவே. ஆன்ட்டி ஜஸ்ட் வெயிட் பண்ணுவாங்க" என்றாள். பெற்றது நான், விஷயம் முதலில் போவது அடுத்த வீட்டுக்கு. அவர் அவளை என்னிடமிருந்து பிரிக்க நினைத்ததில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கெட்டவராக இருந்தால் திட்டியாவது தீர்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது மகள் அங்கேதான் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். போன வாரம் அக்காவின் வழியை நானும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். "நல்லா இருக்கேன்" என்றாள். நான் மேலே ஒன்றும் பேசவில்லை. அவளும் அந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள் போல, அவளும் பேசவில்லை. நாக்கு துடித்தது. கடைசியில் அவள்தான், "அம்மா, ஆர் யூ ஓகே? ஏதாவது கேளேன், ப்ளீஸ்" என்றாள். அந்தக் குரலில் என் சின்னப் பெண் இருந்தாள்.

கேட்க எத்தனையோ இருந்தது. சாப்பிட்டாளா, தனியாக இருக்கப் பயமாக இல்லையா, எப்போது வருவாள். என் வாயில் வந்தது இதுதான்: "ஆன்ட்டிகிட்ட இந்த வாரம் பேசினியா?"

பதில் உடனே வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.