நான் எழுந்து நின்று சொன்ன ஜெபக் குறிப்பு

1999ஆம் ஆண்டு. ராயப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. முன்பின் தெரியாத ஆண்கள் என் மகள் ஷீபாவைக் கேட்டு போன் செய்யத் தொடங்கினார்கள். அசிங்கமாகப் பேசினார்கள். அவள் அப்போது பிளஸ் ஒன்.

"நம்பரை எவனுக்குடி குடுத்த?"

"யாருக்கும் குடுக்கலம்மா."

நான் நம்பவில்லை. துடைப்பத்தால் அடித்தேன். அதோடு விட்டேனா? வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஜெபக் குறிப்பு கேட்டார்கள். எழுந்து நின்று, "எம் பொண்ணு பசங்க சகவாசத்துல விழுந்துட்டா, ஜெபம் பண்ணுங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அதைப் பக்தி என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் அவள் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

அதன்பின் அவள் பள்ளிக்குப் போகவில்லை. போன் மணி அடித்தால் நடுங்கினாள். போட்ட சோறு தட்டிலேயே காய்ந்தது. ஒரு வாரம் கழித்து வாய் திறந்தாள்.

"நீயே எல்லார்கிட்டயும் சொல்லிட்ட. இனிமே நான் சொன்னா யாரு நம்புவா? நான் செத்துட்டா போன் வராது இல்ல?"

முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, என் வாயைக் கட்டும்." வேறு ஜெபம் வரவில்லை.

எழுந்திருக்கும்போதே மணி அடித்தது. எப்போதும் திட்டிவிட்டு வைத்துவிடுவேன். அன்று ஒரு வசவும் வரவில்லை. "தம்பி, இந்த நம்பர் உனக்கு எப்படிக் கெடச்சுது?" என்றேன்.

"இன்னா ஆன்ட்டி, ஷீபாவேதான் கம்ப்யூட்டர் சாட்ல குடுத்துச்சு. நேத்துகூட நாலு மணிக்கு வந்து பேசிக்கினு இருந்துச்சே."

நேற்று நாலு மணிக்கு என் மகள் என் கண் முன்னால் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

பள்ளிக்கு எதிரே, காசு கொடுத்துக் கம்ப்யூட்டரில் சாட் செய்யும் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது; விசாரிக்கப் போனேன். அங்கே கையெழுத்துப் போடும் நோட்டில், அந்த நாலு மணிக்கு, அவளுடைய வகுப்புத் தோழியின் பெயர் இருந்தது. தலைமை ஆசிரியை விசாரித்தபோது அந்தப் பெண் சொன்னது: "சும்மா வெளாட்டுக்கு ஷீபா பேர்ல பேசினேன், மிஸ்." என் பிள்ளை சாகக் கிடந்தது அவளுக்கு விளையாட்டு.

நம்பரை மாற்றினோம். போன் நின்றது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே இடத்தில் நின்றேன். "எம் பொண்ணு தப்பு பண்ணல. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். ஷீபா சாப்பிட்டாள். பள்ளிக்குப் போனாள். பாடகர் குழுவுக்கு மட்டும் திரும்பவே இல்லை. இன்றும் போன் அடித்தால் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறாள்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்தினால், போன் மணிக்குப் பயந்தால், அடிக்காதீர்கள். சபையில் எழுந்து நிற்பதற்கு முன் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அது முடியவில்லையென்றால் ஆண்டவரிடம் கேளுங்கள். என் வாயையே கட்டினவர், உங்கள் வாயையும் கட்டுவார்.