சைக்கிளில் போனவர் சொல்லாத சலாம்

1. காலை ஒன்பது மணிக்கு, எனக்குச் செருப்பு வாங்கப் போவதாக உம்மாவிடம் சொல்லிவிட்டு, சாச்சி என்னையும் கூட்டிக்கொண்டு கல்முனைக் கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்.
2. பிரதான வீதியால் போகாமல் கடற்கரைப் பக்கத்துக் குறுகலான ஒழுங்கைகளால் நடந்தோம்.
3. வழியில் ஏழு பேருக்கு நான் சலாம் சொன்னேன்.
4. சைக்கிளில் போன ஒருவர் எனக்குச் சலாம் சொல்லவில்லை. அவரைக் கூப்பிட்டு நிறுத்தினேன்.
5. எனக்குச் செருப்பு கிடைத்தது.
6. பத்து மணிக்குச் சாச்சி இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவில்லை.

அப்போது எனக்கு ஏழு வயது. முதல் ஐந்தும் அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆறாவதைச் சேர்த்துக்கொள்ளப் பதினொரு வருடங்கள் சென்றன.

சாச்சி என் உம்மாவின் தங்கை. அவர்கள் இருவருக்கும் மூத்தவரான மாமா, பிரதான வீதியில் துணிக்கடை வைத்திருந்தார். சாச்சிக்காக ஒரு வீடும் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு எழும்பினால்தான் கலியாணப் பேச்சும் எழும்பும். கூரை போட்டவுடன் கலியாணம், படிப்பெல்லாம் போதும் என்பது மாமாவின் முடிவு. அவர் கோபக்காரர் அல்ல. முடிவை ஒருமுறை சொல்வார், பிறகு அதைப்பற்றிக் கதைக்கமாட்டார்.

அந்த வாரம்தான் மத்ரஸாவில் சலாம் சொல்லும் ஒழுங்குகளைப் பாடமாக்கியிருந்தேன். வாகனத்தில் போகிறவர் நடக்கிறவருக்குச் சொல்ல வேண்டும். நடக்கிறவர் உட்கார்ந்திருப்பவருக்கு, சிறு கூட்டம் பெரிய கூட்டத்துக்கு, சிறியவர் பெரியவருக்கு. ரோட்டில் யாரைக் கண்டாலும் யார் முதலில் வாய் திறக்க வேண்டும் என்று கணக்கிட்டுவிடலாம் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

சாச்சிக்கும் தெருவில் நடப்பதற்குச் சில ஒழுங்குகள் இருந்தன. மதிலோரமாகவே நடப்பார். கடை வாசல்களைப் பார்க்கமாட்டார். எதிரே ஆண்கள் கூட்டமாக வந்தால் ஓரமாக நின்று, குனிந்து செருப்பைச் சரிசெய்வார். அவர்கள் போன பிறகு செருப்பும் சரியாகிவிடும். வழமையாக முகம் மூடாதவர், அன்று முகத்தையும் மூடியிருந்தார்.

புறப்படும்போதே சொன்னார். "ரோட்டுல ஒருத்தரோடயும் கதைக்கப்படா. விளங்கினதா?"

"சலாம் சொல்றது கதைக்கிறதா சாச்சி?"

சாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கினார். மறுக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

தேநீர்க்கடை வாங்கில் உட்கார்ந்திருந்த நான்கு பேருக்குச் சொன்னேன். பள்ளிவாசல் படியில் இருந்த இருவருக்கும், ஆட்டோவுக்குள் காலை நீட்டிக்கொண்டு கிடந்தவருக்கும் சொன்னேன். கிடப்பது உட்கார்ந்திருப்பதில் சேருமா என்ற சந்தேகத்துடன்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டு பதில் சொன்னார்கள். ஒவ்வொரு சலாமுக்கும் சாச்சியின் நடையில் வேகம் கொஞ்சம் கூடியது.

பிறகுதான் அந்தச் சைக்கிள் வந்தது. பின்னாலிருந்து வந்து, மணியடித்து, எங்களைக் கடந்து போய்விட்டது. ஓட்டிப்போனவர் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.

"நில்லுங்க!" என்று கத்தினேன். "சைக்கிள்ல போறவங்கதான் நடக்கிறவங்களுக்குச் சலாம் சொல்லணும். நீங்க சொல்லல்ல!"

சைக்கிள் நின்றது. இறங்கித் திரும்பியவர், சாச்சியின் வீட்டுக்குக் கதவு, யன்னல் செய்துகொண்டிருந்த ஓடாவியார். மாமாவின் கூட்டாளி. மாமாவைப் போலவே அவரையும் சாச்சி காக்கா என்று அண்ணன் முறையில்தான் கூப்பிடுவார்.

"ஓம் மகள், பிழைதான். அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். சிரித்தார். "இந்த வாயக் கேட்டொடன நினைச்சன், இது கடைக்காரர்ட மருமகளேதான் எண்டு." பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். "அப்ப இது தங்கச்சியா? முகத்த மூடினதால ஆரோ எண்டு நினைச்சிட்டன். இந்த வெயிலுக்குள்ள எங்க?"

"புள்ளைக்குச் செருப்பு எடுக்க" என்றார் சாச்சி.

"செருப்புக்கட எல்லாம் மெயின் ரோட்டுலதானே இரிக்கி. வாங்க, நானும் உங்கட காக்காட கடைக்குத்தான். கதவு நிலையொண்டுக்கு அளவு கேக்கணும்."

"நீங்க போங்க காக்கா. நாங்க ஆறுதலா வாறம்."

"நல்ல கதை. உங்கள நடு ரோட்டுல உட்டுட்டுப் போனா அவர் எனக்குத்தானே ஏசுவார்."

சைக்கிளை உருட்டிக்கொண்டு, ஆறேழு அடி முன்னால், மரியாதையாகத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பிரதான வீதியில் நல்ல சனம். ஆனால் முன்னால் ஓர் ஆண் போனதால் எங்களுக்குத் தானாகவே வழி விட்டார்கள். சாச்சி ஒரு தரம்கூட ஓரத்தில் நின்று செருப்பைச் சரிசெய்ய வேண்டியிருக்கவில்லை. அன்று அவர் தடையில்லாமல் நடந்த ஒரே தூரம் அதுதான்.

கடையில் மாமா எங்களைக் கண்டு சந்தோஷப்பட்டார். சோடா வந்தது. பக்கத்துக் கடையிலிருந்து செருப்புகள் வந்தன. ஓடாவியார் என் சலாம் கதையை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் முதலிலிருந்து சொன்னார். எல்லோரும் என் தலையைத் தடவினார்கள். சாச்சி கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, கதவுக்கு மேலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். அதன் கீழே தொங்கிய திரைச்சீலைத் துணியைப் பார்க்கிறார் என்று நான் நினைத்தேன்.

திரும்பி வரும்போது கேட்டேன். "நான் செஞ்சது சரிதானே சாச்சி?"

சாச்சி நின்றார். குனிந்து செருப்பைச் சரிசெய்தார். எதிரே யாரும் வரவில்லை.

"ஓம் மகள், சரிதான்" என்றார்.

எனக்குப் பதினெட்டு வயதானபோது, மட்டக்களப்பில் தங்கிப் படிக்கும் படவரைஞர் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் கையொப்பம் வைத்தவர் மாமாவேதான். அவரும் மாறியிருந்தார். கல்முனையிலேயே நடக்கவிருந்த நேர்முகப் பரீட்சைக்கு முதல் நாள் சாச்சி வந்து, என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக அடுக்கிக் கோப்பில் வைத்தார்.

"பத்து மணிக்கெண்டா ஒன்பதரைக்கே போயிரு" என்றார். "மெயின் ரோட்டாலயே போ. நானும் இதுக்குத்தான் ஒருக்காப் போனன். உன்னையும் கூட்டிக்கிட்டு."

சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று மடியிலிருந்த கைப்பைக்குள் இருந்தவை அவருடைய சான்றிதழ்கள். தனியாகப் போகும் பெண்ணிடம் எங்கே என்று கேட்பார்கள், பிள்ளையோடு போனால் கேட்கமாட்டார்கள் என்றுதான் என்னைக் கூட்டிப்போயிருக்கிறார். யார் யாருக்கு முதலில் சலாம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் காணாமல் கடந்து போவதே அன்று சாச்சிக்குக் கிடைத்த பெரிய உதவி என்பது தெரியவில்லை.

இப்போது சாச்சி மாமா கட்டிய வீட்டில் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள். அந்தப் பயிற்சிக்குரிய வயதெல்லையை அவர் கடந்துவிட்டார். நான் அதை முடித்துவிட்டு, வீதிகளுக்கும் வடிகான்களுக்கும் படம் வரைகிறேன். சாச்சி என்மீது ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை. நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.