சின்னக் கொம்புக்குக் கேட்பாஸ் இல்லை

திருமழிசையில் ஒரு பிளைவுட் கம்பெனி வாசலில் பதினெட்டு வருஷமாகப் பை சோதிக்கும் ஜெயசீலி, பெற்ற மகனையே சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பாள். அன்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஜாக்சனின் டிபன் பாக்ஸில் இரண்டு கறுப்பு வண்டுகள் இருந்தன. இரண்டுக்கும் தலையில் கொம்பு; ஒன்றுக்குப் பெரிது, மற்றதற்குச் சின்னது.

"இன்னாடா இது?"

"காட்டுலேர்ந்து வந்த உளுத்த கட்டைல கெடச்சுதுக்கா. பெரிய கொம்பு சண்டைக்காரன், தனி ஆளு. சின்னக் கொம்பு குடும்பஸ்தன். அப்பனும் ஆத்தாளும் மரத்த மென்னு குட்டிங்களுக்கு ஊட்டுங்க."

"கட்டை கம்பெனியோடது. கேட்பாஸ் எங்க?"

சிரித்துக்கொண்டே ஆபீசுக்குப் போய், வெளியே எடுத்துப் போகும் சீட்டில் இரண்டு வண்டு என்று எழுதி வாங்கி வந்தான். அவள் சின்னக் கொம்பையே முறைத்தாள்.

"இதோட குட்டிங்க எங்கடா?"

"கட்டைலயே கீதுங்கக்கா."

சீட்டில் இரண்டு என்பதை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினாள். "சின்னத்த அதே கட்டைல போய் உட்டுட்டு வா."

ஜாக்சன் உள்ளே போனான். நம்பாமல் அவளும் பின்னாலேயே போனாள். பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக வாசலில் ஆளில்லை.