செல்லு எப்ப ரெடியாகும்?

தம்பிக்குப் பெண் பார்க்க மும்பை சுனாபட்டிக்குப் போன அன்றுதான், அம்மா என்னை வைத்து எவ்வளவு பெரிய புளுகை அவிழ்த்துவிட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

தம்பிக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பு தானே அழித்துவிடுகிற வகை. வேளாவேளைக்கு ஊசி. இறந்தவர்களின் கணையத்திலிருந்து அந்தச் செல்களை எடுத்து நோயாளிக்கு வைக்கிற சிகிச்சை உண்டு. ஆனால் தானம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால்தான் ஐரோலியில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் ஸ்டெம் செல்களிலிருந்து அவற்றை வளர்த்துப் பார்க்கிறோம். வளர்ப்பு என்றால் நிஜமாகவே வளர்ப்புதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாவிட்டாலும் அவற்றுக்குத் தீனி மாற்றப் போயாக வேண்டும். கடைசியில் சர்க்கரைத் தண்ணீர் விட்டு, இன்சுலின் சுரக்கிறதா என்று பார்ப்போம். பல தடவை ஒன்றும் சுரக்காது. அன்றைக்கு என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

நாங்கள் குடியிருக்கும் தாராவியில் அம்மா, "எம் மக செல்லு வளக்கா" என்று பெருமையடித்ததில், போனை ரிப்பேர் பண்ணித் தரச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்றார். அதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

சுனாபட்டி வீட்டில் பெண்ணின் அப்பா டீயை நீட்டிவிட்டு என்னிடம் கேட்டார்: "செல்லு எப்பம்மா ரெடியாகும்? கல்யாணத்துக்கு முன்ன வச்சிருவாங்கன்னு ஒங்க அம்மா சொன்னாங்களே."

அம்மா சுவரில் இருந்த இயேசு படத்தைப் பார்த்தாள். தம்பி என்னைப் பார்த்தான். சர்க்கரை என்றதும் ஏற்கெனவே ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பெண்ணை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. 'சீக்கிரம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிடலாமா என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"இப்பம் எலிக்குத்தான் வச்சுப் பாக்கோம் அங்கிள்," என்றேன். "மனுசனுக்கு எப்பம்னு எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு இவன் ஊசியோடதான் வருவான்."

அவர் அம்மா பக்கம் திரும்பிப் பார்த்தார். தம்பி வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் பெண் வாயைத் திறந்தாள். கேட்டது என்னையல்ல, தம்பியை.

"சுகர் கொறைஞ்சா ஒங்களுக்கு எப்படி இருக்கும்?"

"கை நடுங்கும். வேர்க்கும்," என்றவன் கொஞ்சம் தயங்கினான். "கோவம் வரும். சும்மா இருக்கவங்க மேலயும் எரிஞ்சு விழுவேன்."

"அது சுகரா, நெசமாவே சண்டையான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?"

"மொதல்ல சீனி தாங்க," என்றான் தம்பி. "பொறவும் கோவம் இருந்தா, அது சண்டைதான்."

"சரி," என்றாள் அவள், அப்பாவைக் கேட்காமலே.