விட்டுப்போன முக்கோணம்

இன்று தருமபுரி பஸ் ஸ்டாண்டில், கிளம்பக் காத்திருந்த பஸ்ஸில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எந்த ஊர் பஸ் என்று சொல்ல மாட்டேன்.

"மேடம், எங்க வூட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?"

இருந்தது. சொந்தத்தில் கல்யாணம், அடுத்தடுத்துக் கருச்சிதைவு. அப்படிப்பட்ட குடும்பங்களின் மரபணுக்களைத்தான் ஆராய்கிறேன். கட்டுரை வெளிவந்துவிட்டது என்று சொல்லி, அதிலிருந்த அவருடைய குடும்ப வரைபடத்தை போனில் காட்டினேன். வட்டம் அவர், சதுரம் அவர் கணவர், கீழே சின்ன முக்கோணங்கள் கலைந்த கருக்கள்.

ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"மூணுதானுங்களே இருக்குது."

"நீங்க மூணுன்னுதாங்க சொன்னீங்க."

"அன்னிக்கு அவரு பக்கத்துல இருந்தாருங்க. அதுக்கெல்லாம் முந்தி ஒன்னு தங்குச்சு. வூட்ல சொல்றதுக்குள்ள போயிடுச்சு. ஆரம்பமே இப்படின்னு பேசுவாங்கன்னு யாருகிட்டயும் சொல்லல."

முதல் முக்கோணத்துக்கு இடப்பக்கம், காலியாக இருந்த இடத்தில் விரலை அழுத்தினார்.

"இங்க ஒன்னு போட்ருங்க மேடம்."

வெளிவந்ததை மாற்றுவது லேசில்லை. இதைப் பற்றி எழுதலாமா என்று மட்டும் கேட்டேன்.

"பேரு போடாம எழுதுங்க. எங்கயாச்சும் இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து மற்ற குடும்பங்களின் வரைபடங்களையும் திறந்தேன். எல்லாவற்றிலும் இப்போது அந்த இடப்பக்கத்துக் காலி இடம்தான் கண்ணில் படுகிறது.

திருத்தம் போடச் சொன்னால் ஜர்னல்காரர்கள் ஆதாரம் கேட்பார்கள். என் போன் திரையில் ஒரு விரல்ரேகை இன்னும் இருக்கிறது, துடைக்கவில்லை. அதை அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்களா? ஆய்வு செய்யும் நண்பர்கள் யாராவது சொல்லுங்கள்.