கடலுக்குள் ஒரு புள்ளி

படகில் ஏறினாலே வாந்தி எடுப்பவன் நான். ஆனாலும் நிகோபார் தீவொன்றின் பாறைக் கரை காலந்தோறும் எப்படி மாறியது என்று, வெள்ளைக்காரர் கால வரைபடங்களை வைத்துக்கொண்டு வேலூரில் உட்கார்ந்தபடியே ஒரு புத்தகம் எழுதிவிட்டேன்.

அதைப் பற்றி ஆம்பூர் நூலகத்தில் பேசக் கூப்பிட்டார்கள். தீவுக்குப் போகாமலே எழுதியதைச் சொல்லிவிட்டு, இன்றைய வரைபடம் ஒன்றைச் சுவரில் மாட்டி, ஒரு வளைகுடாவைத் தொட்டுக் காட்டி, "இங்கே மனிதர் வசித்ததே இல்லை" என்றேன்.

ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பெண்மணி ஒருவர் எழுந்தார். பக்கத்தில் அவர் கணவர்.

"நான் பொறந்ததே அங்கதான் சார். சுனாமில ஊரே கடலுக்குள்ள போய்ட்ச்சு. கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்றேன், கத உடறேன்றாரு இவரு. உங்க புக்ல இருக்கும், காட்டலாம்னு இட்டுனு வந்தேன்."

கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். என் வரைபடங்களுக்குப் பிறகு அங்கே ஆட்கள் குடியேறியிருக்கிறார்கள். நான் விசாரிக்கவே இல்லை.

"தப்பு என்னுதும்மா. நீங்களே வரைஞ்சு காட்டுங்க" என்றேன்.

தோலில் குறி போடும் வெள்ளி மைப் பேனாவைப் பையிலிருந்து எடுத்தார். பழைய கரையைக் கடலின் நீல நிறத்துக்குள் இழுத்தார். "இது படகு நிக்கற ஜெட்டி. இது சர்ச்."

கணவர் எழுந்து கிட்டே வந்தார். "உங்க ஊடு எங்க?"

கடலுக்குள் ஒரு புள்ளி வைத்தார் அந்த அம்மா. மை காயும்வரை கணவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் படித்த எந்த வரைபடமும் என்னை இப்படி வெட்கப்படுத்தியதில்லை.

கிளம்பும்போது கணவர் மட்டும் திரும்பி வந்தார்.

"அவ்ளோ தூரம் கடல்ல போவ வேணாம் சார். எழுதறதுக்கு முன்னாடி ஆம்பூர் வரைக்குமாவது வந்திருக்கலாம்."